கதையின் முடிவை முதலில் சொல்லலாமா?

நான்-டீடெயில் வகுப்பு என்றதும் நம் மாணவியரில் பலர் தேடுவது கதையை அன்று, கதைச் சுருக்கத்தைத்தான். நோட்ஸில் தமிழில் பத்து வரி, அதன் கீழே நீதி ஒரு வரி. தேர்வுக்கு அது போதலாம். ஆங்கிலம் வருவதற்குப் போதாது. முடிவு தெரிந்த பிறகு கதையின் ஆங்கிலத்தைப் படிக்க யாருக்கு மனம் வரும்?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை' என்னும் சிறுகதை 1905 டிசம்பரில் 'நியூயார்க் சண்டே வேர்ல்ட்' இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு 'தி ஃபோர் மில்லியன்' தொகுதியில் சேர்ந்தது. (இதை இன்னும் படிக்காத சிறுமியர் தயவுசெய்து இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.)

தலைப்பிலேயே நமக்குச் சிரிப்பு காத்திருக்கிறது. 'மேஜை' என்றால் நம் பிள்ளைகளுக்கு எழுதும் மேஜைதான் நினைவுக்கு வரும். பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் ஏந்திக் குழந்தை இயேசுவைக் காண வந்த கீழ்த்திசை ஞானிகளைக் குறிக்கும் சொல் அது. உடனே விளக்கிவிட ஆசிரியைக்கு ஆசை வரும். வேண்டாம். கதாசிரியரே அவர்களைப் பற்றிக் கடைசிப் பத்தியில்தான் விளக்குகிறார்.

முதற் பக்கத்திலேயே 'பார்சிமனி', 'மெண்டிகன்ஸி' போன்ற கடுஞ்சொற்கள் வருகின்றன. அகராதியைத் திறந்து இவற்றுக்குப் பொருள் எழுதத் தொடங்கினால் மணி அடித்துவிடும். கதை வாசலிலேயே நின்றுவிடும். இவற்றைத் தாண்டிப் போகலாம். தாண்டக்கூடாதவை எண்கள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் டெல்லாவின் கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். கணவன் ஜிம்முக்கு முன்பு வாரம் 30 டாலர் வருமானம், இப்போது 20. வீட்டு வாடகை வாரம் 8 டாலர். அவள் தன் கூந்தலை விற்றதில் 20 டாலர் கிடைக்கிறது. அவன் கடிகாரத்துக்கு வாங்கிய சங்கிலி 21 டாலர். கரும்பலகையில் இவற்றை மட்டும் எழுதிவிட்டு ஆசிரியை சற்று ஒதுங்கி நிற்கட்டும். கூந்தலின் விலை ஜிம்மின் ஒரு வாரச் சம்பளம் என்பதை ஒரு மாணவியே கண்டு சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வாய் திறவாத பெண்ணும் எண்களைச் சொல்ல எழுந்து நிற்பாள்.

கணக்கில் கெட்டிக்காரிகளுக்கு ஒரு புதிரும் உண்டு. அந்த 1.87-இல் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகளாக இருந்ததாம். மீதி 1.27-ஐ ஒரு சென்ட் காசே இல்லாமல், 5, 10, 25 சென்ட் நாணயங்களால் கூட்டிப் பாருங்கள், வராது. ஆனால் 1889 வரை அமெரிக்காவில் 3 சென்ட் நாணயமும் அச்சிட்டார்கள்; அதில் நான்கு இருந்தால் கணக்குச் சரியாகும்.

எளிய சொல்லே ஏமாற்றும் இடமும் உண்டு. 'கோம்ப்' என்றால் சீப்பு என்று எழுதிவிட்டுப் போனால், தலைவாரும் சீப்புக்கா இத்தனை பாடு என்று பிள்ளைகள் கேட்பார்கள். டெல்லா ஆசைப்பட்டது கூந்தலில் செருகிக்கொள்ளும், ஆமை ஓட்டில் செய்து கல் பதித்த அலங்காரச் சீப்புகள். ஒரு படம் வரைந்து காட்டினால் போதும்.

ஜிம் வீட்டுக்குள் வந்து, வெட்டிய தலையுடன் நிற்கும் மனைவியை வெறித்துப் பார்க்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். அவன் ஏன் அப்படிப் பார்க்கிறான்? ஒவ்வொருத்தியும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதட்டும். இலக்கண வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் ஒட்டாத 'மஸ்ட் பி', 'மே ஹேவ்' எல்லாம் இங்கே தாமாக வந்து சேரும், ஊகிக்க வேண்டியிருக்கிறதே! மறுநாள்வரை அவர்கள் காத்திருக்கட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: அன்றிரவு மகள் கேட்டால் முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

சீப்புகள் வாங்க அவன் கடிகாரத்தை விற்றுவிட்டான் என்று தெரிந்ததும் வகுப்பில் சண்டை வரும், வரட்டும். கூந்தல் மீண்டும் வளரும், பாட்டன் வழியாக வந்த தங்கக் கடிகாரம் திரும்புமா என்பாள் ஒருத்தி. இருவருமே அசடுகள் என்பாள் இன்னொருத்தி. அவளை அடக்கவேண்டியதில்லை. கதாசிரியரும் முதலில் அவர்களை அசட்டுப் பிள்ளைகள் என்றுதான் சொல்கிறார். பிறகே ஞானிகள் என்கிறார். டெல்லாவின் தியாகத்தை மட்டும் புகழ்ந்து, கையுறைகூட இல்லாமல் குளிரில் நடந்துவந்த ஜிம்மை மறந்துவிடும் விடை எனக்கு உவப்பானதன்று.

இனி எழுத்துப் பயிற்சி. டெல்லா கூந்தல் விற்ற கடையை ஓ. ஹென்றி நமக்குக் காட்டுகிறார். ஜிம் கடிகாரம் விற்ற கடையைக் காட்டவில்லை. கடைக்காரர் என்ன விலை கேட்டார், ஜிம் என்ன சொன்னான்? பத்து வரி உரையாடல், சொந்த ஆங்கிலத்தில். அந்தப் பத்து வரிக்கு எந்த நோட்ஸிலும் விடை கிடையாது.