நீலப் பட்டு ஊதா ஆனது எப்படி? கல்யாண பேனர், ஆல்பத்தில் கலர் மாறாமல் இருக்க வழி

சிவகாசி,

நிச்சயதார்த்தத்தில் மணப்பெண் கட்டியிருந்தது பளபளக்கும் ராயல் ப்ளூ பட்டு. கல்யாணத்தன்று மண்டப வாசலில் நின்ற பேனரிலோ அது கத்தரிப்பூ கலர்! "இது எங்க பொண்ணு சேலையே இல்ல" என்று பெண் வீட்டார் கோபப்பட, "கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே இருந்துச்சு" என்று டிசைன் செய்த வாலிபர் கையைப் பிசைய... முகூர்த்த நாட்களில் ஊருக்கு ஊர் நடக்கும் தகராறு இது. மறுபடி பிரிண்ட் போடும் செலவு பல கடைகளில் அந்த வாலிபரின் சம்பளத்தில்தான் கை வைக்கிறது.

காலண்டர், டைரிக்குப் பேர்போன சிவகாசி முதல் கிராமத்து ஸ்டூடியோ வரை போட்டோஷாப்தான் சோறு போடுகிறது. அதில் கலரையும் கேன்வாசையும் முதலிலேயே சரியாக செட் செய்தால் இந்தத் தகராறில் பெரும்பகுதி வராது.

வெளிச்சம் வேறு, மை வேறு

கம்ப்யூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்ற 3 வெளிச்சங்களைக் கலந்து படம் காட்டுகிறது. இதுதான் 'ஆர்.ஜி.பி.' அச்சு மெஷினில் இருப்பது வெளிச்சம் அல்ல, மை. இளநீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று 4 மை. இது 'சி.எம்.ஒய்.கே.'

திரை காட்டும் எல்லா கலரையும் மையால் கொண்டுவர முடியாது. ராயல் ப்ளூ ஊதாப் பக்கம் சாய்ந்துவிடும். கிளிப்பச்சை மங்கிப்போகும். மாம்பழ மஞ்சள் மட்டும் அவ்வளவாக ஏமாற்றாது. காரணம், மஞ்சளுக்கு என்று தனி மையே இருக்கிறது. ஆக, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இதை முன்கூட்டியே பார்க்க வழி உண்டு. போட்டோஷாப்பில் 'கண்ட்ரோல்', 'ஒய்' இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அச்சில் கலர் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே காட்டும். அதோடு 'ஷிப்ட்' சேர்த்து அழுத்தினால், மையில் வராத இடங்கள் சாம்பல் பூசியது போலத் தெரியும். சேலை முழுக்க சாம்பல் அடித்தால், பார்ட்டியிடம் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

எதற்கு எந்த மோடு?

ஆப்செட் அச்சுக்கு சி.எம்.ஒய்.கே. பேனருக்கும் கடைசியில் மைதான். ஆர்.ஜி.பி. பைல் கொடுத்தாலும் மெஷினே மாற்றிக்கொள்ளும். ஆனால் போட்டோ பேப்பரில் பிரிண்ட் போடும் கலர் லேபுக்கு ஆர்.ஜி.பி. தான், அதிலும் 'எஸ் ஆர்.ஜி.பி.' அதற்கும் சி.எம்.ஒய்.கே. ஆக்கிக் கொடுத்தால் நல்ல கலரைக் கையால் கெடுத்த கதைதான். ஒருமுறை சி.எம்.ஒய்.கே. ஆக்கி சேவ் செய்துவிட்டால், திரும்ப ஆர்.ஜி.பி. ஆக்கினாலும் போன கலர் வராது. எனவே ஒரிஜினல் பைலைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேமராவில் 'அடோப் ஆர்.ஜி.பி.' என்று செட்டிங் இருந்தால் லேபில் முகம் வெளிறி வரலாம். 'எடிட்' மெனுவில் 'கன்வர்ட் டு புரொபைல்' போய் எஸ் ஆர்.ஜி.பி.க்கு மாற்ற வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் 'அசைன் புரொபைல்' வேறு வேலை செய்வது. அதைத் தொட்டால் கலர் கண்டபடி மாறும். சேவ் செய்யும்போது 'ஐ.சி.சி. புரொபைல்' கட்டத்தில் டிக் இருக்க வேண்டும்.

மானிட்டர் வெளிச்சத்தை முழுசாக வைத்து வேலை பார்ப்பதும் தப்பு. திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்டில் இருட்டடித்து வரும்.

தலை வெட்டுப்படுவது ஏன்?

அடுத்த பஞ்சாயத்து கேன்வாஸ். 'இமேஜ் சைஸ்' என்பது படத்தையே பெரிதாக்குவது, சிறிதாக்குவது. 'கேன்வாஸ் சைஸ்' என்பது படம் ஒட்டியிருக்கும் அட்டையை மட்டும் பெரிதாக்குவது, வெட்டுவது. அட்டையைச் சுருக்கினால் 'ஓரம் வெட்டுப்படும்' என்று எச்சரிக்கை வரும். படிக்காமல் ஓகே அடித்தால் தாத்தாவின் தலைப்பாகை காலி!

இஞ்ச் என்று இருக்க வேண்டிய இடத்தில் பிக்சல் என்று இருந்தால், 12க்கு 36 ஆல்பம் ஷீட் கடுகளவு வந்து நிற்கும். எண்ணை அடிக்கும் முன் அளவைப் பார்ப்பது அவசியம்.

பெரிய கேமராவில் எடுக்கும் படம் பொதுவாக 3க்கு 2 என்ற கணக்கு. அது 4க்கு 6 பிரிண்டில் அப்படியே உட்காரும். 8க்கு 10 கேட்டால், 8க்கு 12 ஆக வர வேண்டிய படத்தில் 2 இஞ்ச் வெட்டியே ஆக வேண்டும். வெட்டாமல் இழுத்துப் பொருத்தினால் மாப்பிள்ளை முகம் உப்பிவிடும். 36 இஞ்ச் ஷீட் நடுவில் மடியும் என்பதால், 18வது இஞ்சில் யார் முகமும் வரக்கூடாது.

புள்ளிக் கணக்கு

கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத்துக்கு இஞ்சுக்கு 300 புள்ளி. 12க்கு 36 ஷீட் என்றால் 3,600க்கு 10,800. தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 72 போதும். 10 அடிக்கு 8 அடி பேனர் 8,640க்கு 6,912 புள்ளியில் முடிந்துவிடும். அதற்கும் 300 வைத்தால் 103 கோடிக்கும் மேல் புள்ளிகள். சின்ன கம்ப்யூட்டர் திணறி நின்றுவிடும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோவில் புள்ளி குறைந்துவிடுகிறது. 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் குறையாது.

ஓகே சொல்லும் முன்...

* பிரிண்ட் எங்கே, எந்த மெஷினில் என்று முதலில் கேட்க வேண்டும்.
* மோடு, அளவு, புள்ளி மூன்றையும் வேலை தொடங்கும்போதே செட் செய்ய வேண்டும்.
* சேலை, முகம் தெரிகிற ஒரு துண்டை மட்டும் சாம்பிள் பிரிண்ட் போட வேண்டும்.
* அதை டியூப் லைட்டில் மட்டும் பார்க்காமல், வெளியே பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.
* பார்ட்டியிடம் அந்தத் துண்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

கல்யாண வீட்டாரும் செல்போன் திரையைப் பார்த்து மட்டும் ஓகே சொல்லாமல், சாம்பிள் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. ஒரு சாண் பிரிண்டுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். மிஞ்சுவதோ பேனர் காசும், ஒரு தொழிலாளியின் சம்பளமும்.