காட்டுக்கு பக்கத்தில் மலிவு ரூம். கைப்பணம் பத்திரம், உயிர் பத்திரமா?

விருதுநகர்,

பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை, அச்சகம், பருப்பு மில் என்று வாரம் முழுவதும் ஓடி உழைத்தவர்களுக்கு சனிக்கிழமை கையில் சம்பளம் வருகிறது. மறுநாள் லீவு. கந்தக பூமியில் வெயிலோ மண்டையை பிளக்கிறது. "எங்கயாச்சும் குளுகுளுன்னு ஒரு இடத்துக்கு கூட்டிட்டு போங்களேன்" என்று வீட்டில் குரல் கிளம்புகிறது.

செல்போனை எடுத்து தேடினால் போதும். "காட்டுக்குள் தங்கலாம்", "ஜன்னலை திறந்தால் யானை" என்று விளம்பரம் வந்து விழுகிறது. ரேட்டும் குறைவு. உடனே அட்வான்ஸ் பறக்கிறது. அங்கே போய் இறங்கிய பிறகுதான் வண்டவாளம் தெரிகிறது.

காட்டை ஒட்டி ரூம் எடுப்பவர்கள் எங்கே தங்கலாம், எதை கேட்க வேண்டும், எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்ற விவரம் வருமாறு:-

ரூம் தேவைதானா?

முதலில் யோசிக்க வேண்டியது இதுதான். விருதுநகர் மாவட்டத்திலேயே பெரிய காடு இருக்கிறது. 1988-ம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அதையும் மேகமலையையும் சேர்த்து புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். பரப்பு சுமார் 1,016 சதுர கிலோ மீட்டர். நாட்டில் 51-வது புலிகள் காப்பகம், தமிழகத்தில் 5-வது.

சிவகாசியில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 20 கிலோ மீட்டர்தான். பஸ்சும் உண்டு, ரெயிலும் உண்டு. செண்பகத்தோப்பு, ராஜபாளையத்தை அடுத்த அய்யனார் கோவில் அருவி, வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் அணை என்று பார்க்க இடங்கள் இருக்கின்றன. காலையில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பி விடலாம். ரூம் வாடகை மிச்சம்! ஆனால் காட்டுப்பகுதிக்குள் போக வனத்துறையினர் அனுமதிக்க வேண்டும். மழை பெய்தால் அருவி பக்கம் விட மாட்டார்கள்.

வெளியூரில் இருந்து சொந்தபந்தம் வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகருக்குள் உள்ள லாட்ஜுகளே போதும். ஆடிப்பூர தேரோட்டம் சமயத்தில் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சதுரகிரியில் இரவு தங்க தடை

சதுரகிரிக்கு போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தாணிப்பாறை அடிவாரத்தில் இருந்து காலை நேரத்தில்தான் மலை ஏற விடுகிறார்கள். மலையில் இரவு தங்க அனுமதி கிடையாது. "மேல படுக்க இடம் இருக்கு சாமி, நான் ஏற்பாடு பண்றேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுத்து ஏமாற வேண்டாம்.

2015-ம் ஆண்டு மே மாதம் இந்த மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் பலியானார்கள். ஓடையில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கட்டுப்பாடு போட்டிருப்பது அதனால்தான். முதல் நாள் இரவே வருகிறவர்கள் வத்திராயிருப்பிலோ, ஸ்ரீவில்லிபுத்தூரிலோ தங்கிவிட்டு விடியற்காலையில் அடிவாரம் போவது நல்லது.

தேக்கடிக்கு போனால்...

தேசிய பூங்காவையே பார்க்க வேண்டும் என்றால் நம் பக்கத்து மக்கள் போவது தேக்கடிக்குத்தான். பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோ மீட்டர். அதில் 350 சதுர கிலோ மீட்டர் 1982-ம் ஆண்டு தேசிய பூங்கா ஆனது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் நீர்த்தேக்கம்தான் அங்கே படகு ஓடும் ஏரி.

விருதுநகரில் இருந்து போகிறவர்கள் திருமங்கலம், உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாக குமுளி போகலாம். மதுரை - தேனி ரெயில் 2022 மே மாதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 ஜூனில் அது போடி வரை நீண்டது. ஆனால் தேனியில் இறங்கி பஸ் மாறித்தான் ஆக வேண்டும். காலையில் போய் மாலையில் திரும்புவது குழந்தைகளுக்கு கஷ்டம். ஆகவே இங்கே ரூம் தேவை.

தங்க நாலு இடம் உண்டு. ஒன்று, பூங்கா எல்லைக்குள்ளேயே கேரள சுற்றுலா கழகம் நடத்தும் ஓட்டல்கள். வசதி உண்டு, ஆனால் குமாஸ்தா சம்பளத்துக்கு கையை கடிக்கும். இரண்டு, குமுளி நகரில் உள்ள லாட்ஜ், ஹோம் ஸ்டே. மூன்று, நகரை விட்டு தள்ளி எஸ்டேட் பக்கம் உள்ள காட்டேஜ், டென்ட். நான்கு, தமிழக எல்லைக்குள் கூடலூர், கம்பம் லாட்ஜ்கள்.

நடுத்தர குடும்பத்துக்கு ஏற்றது குமுளி நகர்தான். தமிழக பஸ்கள் எல்லையிலேயே நின்றுவிடும். இறங்கி நாலு எட்டு வைத்தால் கேரளா. படகுத்துறையும் சுமார் 4 கிலோ மீட்டர்தான். சொந்த கார், வேனை பூங்காவுக்குள் விடுவது இல்லை. வனத்துறை பஸ்சில்தான் போக வேண்டும்.

ஒரு கணக்கு

"தள்ளி இருந்தா என்ன? நானூறு ரூபா மிச்சம்தானே" என்பவர்கள் கவனிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, குமுளி ஊருக்குள் ரூம் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு வெளியே உள்ள காட்டேஜ் 800 ரூபாய். அங்கிருந்து ஊருக்குள் வர ஆட்டோ 300, திரும்ப 300. ஆக மொத்தம் 1,400 ரூபாய்! மறுபடியும் ராத்திரி சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்தால் இன்னொரு 600. "சாப்பாடு இங்கேயே சாப்பிட்டுக்கலாம்" என்பார்கள். அதற்கு அவர்கள் வைத்ததுதான் விலை. மிச்சம் பிடிக்கப் போய் துண்டு விழுந்த கதை இதுதான்.

கம்பத்தில் தங்கினாலும் இதே கணக்குதான். குமுளிக்கு சுமார் 20 கிலோ மீட்டர். பஸ்சில் போய் வருகிறவர்களுக்கு லாபம். காலை முதல் படகை பிடிக்க நினைப்பவர்களுக்கு சிரமம். விலங்குகள் தண்ணீருக்கு வருவது அதிகாலையிலும் மாலையிலும்தான். எனவே முதல் படகுக்குத்தான் கிராக்கி.

கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குமுளியில் அலைமோதும். ரூம் வாடகை ஏறிவிடும், போக்குவரத்தையும் ஒருவழிப்பாதையாக மாற்றுவார்கள். குடும்பத்தோடு போக அது சமயம் அல்ல.

டென்ட் ஆபத்து

விளம்பரத்தில் பார்க்க அழகாக இருப்பது டென்ட். உள்ளே ஒரு விளக்கு, வெளியே கேம்ப் பயர். ஆனால் காட்டு யானைக்கு துணி சுவர் ஒரு தடையா?

2021 ஜனவரியில் கேரள மாநிலம் வயநாட்டில் மேப்பாடி அருகே டென்டில் தங்கச் சென்ற பெண் ஒருவர் காட்டு யானை தாக்கி பலியானார். அந்த விடுதிக்கு உரிமம் இல்லை என்று கூறி அதிகாரிகள் மூட உத்தரவிட்டனர்.

நீலகிரியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி சீல் வைக்கப்பட்டது. வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபரில் கோர்ட்டு தீர்ப்பும் கூறிவிட்டது. அட்வான்ஸ் கட்டிவிட்டு போகும்போது கதவில் சீல் இருந்தால் யாரிடம் போய் கேட்பது?

நம் பக்கத்து தேனி மாவட்டத்து குரங்கணி சம்பவத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச் 11-ந் தேதி மலையேற போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். "பர்மிஷன் எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று விடுதிக்காரர் சொல்வது போதாது. வனத்துறை அனுமதி சீட்டு கையில் இருக்க வேண்டும்.

ஊருக்குள் தங்கினாலும் ராத்திரி அலட்சியம் கூடாது. பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானை 2023 மே 27-ந் தேதி கம்பம் டவுனுக்குள்ளேயே புகுந்து ஓடியது. தடை உத்தரவு போடும் நிலை வந்தது. யானை தள்ளியதில் காயம் அடைந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஜூன் 5-ந் தேதி மயக்க ஊசி போட்டு அதை பிடித்து களக்காடு - முண்டந்துறை காட்டுக்கு கொண்டு போனார்கள்.

படகில் கவனம்

ரூம் எடுக்கும்போதே "படகு டிக்கெட்டும் சேர்த்து தர்றோம்" என்று புரோக்கர்கள் மொய்ப்பார்கள். டிக்கெட்டை முறைப்படி வாங்குவதே நல்லது. 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். யானையை பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடக்கூடாது. மிதவை உடையை கழற்றக்கூடாது.

போலி ஆசாமிகள்

இப்போது ரூம் மோசடி செல்போனிலேயே நடக்கிறது. நல்ல லாட்ஜின் போட்டோவை திருடி போட்டு, தங்கள் போன் நம்பரை கொடுத்து விடுகிறார்கள் மோசடி ஆசாமிகள். "இன்னைக்கு மட்டும் பாதி ரேட், முழு பணமும் இப்பவே போடணும்" என்று அவசரப்படுத்தினால் உஷார்! லாட்ஜ் பெயரில் உள்ள வேறொரு நம்பரை தேடி கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதம் இல்லாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வழி உண்டு.

பில்லை பாருங்கள்

ரூம் வரியிலும் கவனம் தேவை. 1,000 ரூபாய் வரை வாடகை உள்ள ரூமுக்கு 2022 ஜூலை 18-க்கு முன்பு ஜி.எஸ்.டி. இல்லை. பிறகு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தை பில்லில் போட்டால் கேள்வி கேட்கலாம். ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக வசூலிக்கவே கூடாது.

போனில் கேட்க வேண்டியவை இவை: ரூம் 24 மணி நேர கணக்கா, பகல் 12 மணிக்கு காலி செய்ய வேண்டுமா? குழந்தைக்கு தனி காசா? கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? வெந்நீர் எப்போது வரும்? வேன் டிரைவர் படுக்க இடம் உண்டா? போகாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப கிடைக்குமா? ஹோம் ஸ்டே என்றால், வைரம், தங்கம், வெள்ளி என்று கேரள சுற்றுலா துறை தரம் பிரித்து கொடுக்கும் சான்று இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

பையில் வெடி வேண்டாம்

கடைசியாக, சிவகாசிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் இருந்து போகிறோமே என்று நண்பர்களுக்கு கொடுக்க பட்டாசு பெட்டியை பையில் வைப்பது சிலர் வழக்கம். ரெயிலில் பட்டாசு கொண்டு போனால் 3 ஆண்டு வரை ஜெயில், 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்க சட்டம் இருக்கிறது. பஸ்சிலும் ஆபத்து. சரணாலயத்துக்குள் வெடி வெடிப்பது வனவிலங்கு சட்டப்படி குற்றம். ஒரு சரவெடி சத்தத்துக்கு மிரண்ட யானை எந்த பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது.

ஊருக்குள் ரூம், பகலில் காடு, இருட்டுவதற்குள் திரும்பி வருவது. இந்த மூன்றையும் வைத்து ரூம் தேடினால் செலவும் அடங்கும். திங்கட்கிழமை காலை ஆலை பஸ்சையும் தவற விடாமல் பிடிக்கலாம்.