ஆடிக்காற்றில் ஒரு மைக்

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் எடுத்த வீடியோக்களைப் பாருங்கள். காவிரி, மஞ்சள் கயிறு, காதோலைக் கருகமணி எல்லாம் கண்ணைப் பறிக்கும். படையல் வைக்கும் பாட்டி பேசத் தொடங்கியதும் காற்றின் படபடப்பும் எங்கோ அலறும் ஒலிபெருக்கியும்தான் கேட்கும். 1939 மே 16 அன்றே வானொலி நிலையம் கண்ட ஊர் திருச்சி. குரலைக் கவனமாகப் பதிந்த பழக்கம் உள்ள இந்த ஊரில் கேமராவுக்குக் கணக்குப் பார்க்காதவர்கள்கூட மைக் என்றதும் கையை இறுக்கிக்கொள்வது வருத்தமாக இருக்கிறது.

‘ஒரு ஷாட்கன் மைக் வாங்கி கேமரா மேல் மாட்டினால் போதும், தூரத்துப் பேச்சை இழுத்துக்கொண்டு வந்துவிடும்’ என்று கடைகளில் சொல்வார்கள். எந்த மைக்கும் ஒலியை இழுப்பதில்லை. ஷாட்கன் மைக்கின் நீளக் குழாயில் வரிசையாகப் பிளவுகள் இருக்கும். நேர் எதிரே இருந்து வரும் ஒலி ஒரே சீராக உள்ளே போகிறது. பக்கவாட்டு ஒலியோ வெவ்வேறு பிளவுகள் வழியாக முன்னும் பின்னுமாக நுழைந்து தன்னைத்தானே அடித்துக்கொண்டு தேய்கிறது. இதற்குக் குழாயின் நீளம் முக்கியம். 25 செ.மீ. குழாய் என்றால் சுமார் 1,400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளில்தான் அதன் வேலை நன்றாகத் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உறுமும் பஸ் என்ஜின் அதற்குக் கீழே இருப்பதால் குழாய் அதை ஒன்றும் செய்யாது.

குறைந்த விலையில் கிடைக்கும் ரோட் வீடியோமைக்ரோ, போயா எம்எம்1 போன்ற குட்டி மைக்குகளைப் பலர் ஷாட்கன் என்றே சொல்லி விற்கிறார்கள். அவை முன்பக்க ஒலியைக் கூடுதலாக வாங்கும் சாதாரண கார்டியாய்டு மைக்குகள். கைக்கெட்டும் தூரத்தில் நன்றாகவே உழைக்கும். எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். குழாய் உள்ள டாக்ஸ்டார் எஸ்ஜிசி 598 அதிகம் செலவில்லாமல் கிடைக்கும், ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் ரோட் என்டிஜி2, சென்ஹைசர் எம்கேஇ 600 இரண்டும் பேட்டரியிலும் இயங்கும், கேபிள் வழியாக வரும் 48 வோல்ட் பேன்டம் பவரிலும் இயங்கும். ஆடியோ டெக்னிகா 875ஆர் அருமையான மைக், ஆனால் பேன்டம் பவர் கட்டாயம். அது இல்லாத கேமராவில் நேரடியாகச் செருகினால் சத்தமே வராது.

என்னைக் கேட்டால், மைக்குக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை நீள கேபிளுக்கும் பூம் கம்புக்கும் எடுத்து வையுங்கள் என்பேன். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும். மூன்று மீட்டர் தள்ளி கேமரா மேல் இருக்கும் மைக்கைப் பேசுபவரின் தலைக்கு மேலே முக்கால் மீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் லாபம். விலையை இரட்டிப்பாக்கி வேறு மைக் வாங்கினாலும் இது கிடைக்காது. ஆடிக்காற்றுக்கு மைக்கோடு வரும் பஞ்சு உறை தாங்காது. முடி வைத்த ஃபர் கவர் வேண்டும், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் ஸ்விட்சும் போட வேண்டும்.

வீட்டுக்குள் கதை வேறு. 1977 நவம்பரில் திருச்சியைச் சூழ்ந்த வெள்ளத்தை நேரில் கண்ட உறையூர்க்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்வதையெல்லாம் யாராவது உடனே பதிந்துவைக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் சிமென்ட் தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் ஷாட்கன் மைக் குரலைக் கெடுத்துவிடும். எதிரொலி எல்லாப் பக்கமும் மோதி உள்ளே நுழைந்து, பேச்சு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும். ஸ்ரீரங்கத்துக் கல் மண்டபங்களிலும் இதே தொல்லைதான். அங்கே படம்பிடிக்கக் கோயில் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். இந்த மாதிரி இடங்களில் ஒரு சாதாரண காலர் மைக்கைச் சட்டையில் குத்திவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தால் விலை உயர்ந்த ஷாட்கன்னைவிட நன்றாக வரும்.

வாங்கும்போது கடையில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். யாரும் பேசாத நேரத்தில் கெயினைக் கூட்டி, ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு கடைவாசலுக்கு வந்து ரோட்டுச் சத்தத்தில் யாரையாவது பேசச் சொல்லுங்கள். வாங்கியபின் படித்துறையில் எடுக்கும்போது மைக்கைக் கிடைமட்டமாக நீட்டினால் பாட்டிக்குப் பின்னால் இருக்கும் கூட்டமும் சேர்ந்து பதிவாகும். மேலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தால் குரலுக்குப் பின்னால் படிக்கட்டு மட்டுமே இருக்கும், அது பேசுவதில்லை.