கட்டுப் பிரிச்சாச்சு... முட்டி ரெடியா? அசைக்காத காலில் ஜவ்வுக்கு என்ன ஆகிறது?

பொங்கல் முடிந்த கையோடு பண்ருட்டி வட்டாரத்தில் சில கால்கள் மாவுக்கட்டுக்குள் போய்விடும். கபடியில் விழுந்ததாக இருக்கும், இல்லையென்றால் பைக். காடாம்புலியூர் போன்ற ஊர்களில் கட்டுப் பிரிக்கும் நேரமும் பலா சீசன் தொடங்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். மரம் ஏற ஆள் வேண்டும், லோடு ஏற்ற ஆள் வேண்டும். "வலியே இல்ல, கட்டும் பிரிச்சாச்சு, அப்புறம் என்ன?" என்று கிளம்பிவிடுவார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிஃப்ட்டுக்குத் திரும்புகிறவரும் இதே கணக்கைத்தான் போடுவார்.

கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. கட்டுக்குள் இருந்த வாரங்களில் அடிபட்ட இடம் ஆறியிருக்கலாம். ஆனால், அடியே படாத ஜவ்வும் அதே வாரங்களில் பலம் இழந்திருக்கும்.

ஜவ்வு என்றால் எது?

ஊரில் ஜவ்வு, டாக்டர் வாயில் லிகமென்ட், புத்தகத்தில் தசைநார். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டை. முழங்காலில் முக்கியமானவை நான்கு. மூட்டுக்குள் குறுக்காகப் போகும் இரண்டில் ஒன்றுதான் கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி வரும் ஏசிஎல். முட்டியின் உள்பக்கவாட்டில் இருப்பது எம்சிஎல்.

இந்தப் பட்டையின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழைகள். தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக்குவது போல, இழை இழையாகச் சேர்ந்து ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். இழைகளுக்கு நடுவே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் நீளவாக்கில் ஒட்டிக்கிடக்கும். பழைய இழையைக் கரைப்பதும் புது இழையை நெய்வதும் இவற்றின் வேலை. எதை எவ்வளவு செய்வது என்று இவை எப்படி முடிவு செய்கின்றன? இழுவிசையை வைத்துத்தான். நாம் நடக்கும்போது, உட்கார்ந்து எழும்போது ஜவ்வு லேசாக இழுபடுகிறது. அந்த இழுப்பு செல்லின் உள்ளே இருக்கும் சட்டகம் வரை போய்ச் சேர்கிறது.

இழுப்பு நின்றால்?

ஜவ்வுக்கு நெருங்கிய உறவான தசைநாணில், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் அர்னாக்ஸ்கி குழு இதைச் சோதித்தது. எலியின் வால் நாணைத் தனியே எடுத்து, இழுப்பே இல்லாமல் 24 மணி நேரம் வைத்தார்கள். கொலாஜனை வெட்டும் நொதிக்கான மரபணு அந்தச் செல்களில் இயங்கத் தொடங்கியிருந்தது. இழுத்துப் பிடித்து வைத்த நாணில் அது அடங்கியிருந்தது. சும்மா இருக்கும் செல் ஓய்வெடுப்பதில்லை, கட்டிடத்தை இடிக்க ஆரம்பிக்கிறது!

வாரக்கணக்கில் அசைவு நின்றால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். நீளமாக இருந்த செல்கள் உருண்டை வடிவுக்கு மாறுகின்றன. இழைகளின் வரிசை குலைகிறது. இழைகளுக்கு நடுவே வழுக்கலாக இருக்கும் பொருளும் நீரும் குறைகின்றன. புதிதாக உருவாகும் கொலாஜன் கண்ட திசையிலும் போகிறது.

இங்கேதான் பலரும் ஏமாறும் இடம். கட்டுப் பிரித்ததும் முட்டி மடங்காது, இறுகிக் கிடக்கும். இறுக்கமாக இருக்கிறதே, ஸ்ட்ராங்காகத்தான் இருக்கும் என்று தோன்றும். உண்மையில் இறுகியது மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அங்கே உருவான ஒட்டல்களும். உள்ளே ஜவ்வு தளர்ந்திருக்கும். இரண்டும் ஒரே முட்டியில், ஒரே நேரத்தில்.

எவ்வளவு பலம் குறையும்?

மனிதரின் ஜவ்வை அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்க்க முடியாது என்பதால் எண்கள் விலங்குகளிடமிருந்துதான் வந்தன. 1970களில் ஃபிராங்க் நோயஸ் குழு, ரீசஸ் குரங்குகளை 8 வாரம் கட்டுக்குள் வைத்துச் சோதித்தது. காயமே படாத ஏசிஎல் தாங்கும் பளு 39 சதவீதம் குறைந்திருந்தது. கட்டை எடுத்து 5 மாதம் நடமாட விட்ட பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. ஓராண்டுக்குப் பிறகுதான் 90 சதவீதத்தைத் தாண்டியது.

1987இல் சாவியோ வூ குழு முயல்களில் செய்த சோதனை இன்னும் துல்லியம். 9 வாரம் அசையாமல் இருந்த காலில், எம்சிஎல் அறும்போது தாங்கிய பளு மற்றக் காலோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் அறுந்தது பெரும்பாலும் நடுவில் அல்ல; கீழே, கால் எலும்பில் பதிந்திருக்கும் இடத்தில். அங்கே எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் வேரடியை அரித்திருந்தன. திரும்ப நடக்கவிட்ட 9 வாரத்தில் ஜவ்வின் நடுப்பகுதி தேறிவிட்டது. வேரடி தேற பல மாதம் பிடித்தது.

முயலின் வாரக்கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கெடுவது வாரங்களில், மீள்வது மாதங்களில் என்ற வரிசை இரண்டு சோதனைகளிலும் ஒன்றுதான்.

அப்போ கட்டே வேண்டாமா?

அப்படியில்லை. எலும்பு முறிந்திருந்தால் அசையாமல் வைத்தே ஆக வேண்டும். பயந்துபோய் வீட்டிலேயே கட்டை வெட்டிவிடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. ஆனால் ஜவ்வு மட்டும் பாதித்த பல கேஸ்களில், முழுக்கட்டுக்குப் பதிலாகக் கதவுக் கீல் போல மடங்கும் பிரேஸ் போட்டு, அளவாக அசைக்கச் சொல்வதுதான் இப்போது வழக்கம். காயம்பட்ட மூட்டை மெதுவாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கனடாவின் ராபர்ட் சால்டர் 1970களில் சொன்னபோது பலர் நம்பவில்லை. அவர் வழியில் வந்த, படுத்திருப்பவரின் காலைத் தானே மடக்கி நீட்டும் மெஷின் பிற்பாடு ஆஸ்பத்திரிகளுக்கே வந்துவிட்டது.

ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30இல் கார் விபத்தில் சிக்கி, வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பக் களமிறங்கியது 2024 மார்ச் 23இல். ஏறக்குறைய 15 மாதம். அவருடையது பெரிய காயம்தான், ஆனால் உடன் ஒரு மருத்துவக் குழுவும் இருந்தது.

கூலி வேலைக்குப் போகிறவருக்கு 15 மாதம் என்பது நடக்காத காரியம். கட்டுப் பிரிக்கும் அன்றே டாக்டரிடம் நேராகக் கேட்டுவிடலாம்: இதை பிரேஸாக மாற்ற முடியுமா, தொடையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி எப்போது தொடங்கலாம், பிசியோ எத்தனை நாளைக்கு, மரம் ஏறுவதும் மூட்டை தூக்குவதும் எந்த மாதத்தில். "நடக்கலாமா?" என்று மட்டும் கேட்டால், "நடக்கலாம்" என்ற பதில் மட்டும்தான் வரும்.