குட்டியை வாங்குமுன் பெற்றோரின் படத்தைக் கேளுங்கள்

பலெர்மோ நகரில் எம்மவரிற் பலர் இத்தாலியரின் வீடுகளிற் பணிபுரிந்து வருகின்றனர். வீட்டுப் பூனையைப் பராமரிப்பதும் சிலவேளை அப்பணியுள் அடங்கும். தமக்கும் ஒன்று வேண்டுமெனப் பிள்ளைகள் கேட்பதும் உண்டு.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்ட 'மேய்ன் கூன்' என்னும் பெரிய பூனை இன்று ஐரோப்பாவிலும் விரும்பி வளர்க்கப்படுகின்றது. இதற்குப் பரம்பரையாய் வரும் குறைபாடொன்று இடுப்பு மூட்டைப் பற்றியது. தொடையென்பின் தலை இடுப்பென்பின் குழியிற் சரிவரப் பொருந்தாமையால் மூட்டுத் தேய்ந்து வாதம் உண்டாகின்றது. பூனையோ நோவை மறைக்கும் இயல்பினது. பாய்வதைக் குறைத்தலும் படியேறத் தயங்குதலுமே அதன் முறைப்பாடு. வயது போய்விட்டதென நாம் விட்டுவிடுகின்றோம்.

2019ஆம் ஆண்டு வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்று, 5,038 மேய்ன் கூன் பூனைகளின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 37.4 வீதமானவற்றில் இக்குறைபாட்டைக் கண்டது. உடல் நிறையும் வயதும் கூடக் கடுமையும் கூடியது.

இது ஒரே மரபணுவால் வருவதன்று. ஆதலால் இரத்தப் பரிசோதனை போதாது. மயக்கமருந்து கொடுத்து, மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை நீட்டி எடுக்கும் படமே சான்றாகும். நல்ல மூட்டுடையவற்றையே இணைசேர்த்து வந்தால் குறைபாடு தலைமுறைதோறும் குறையும்.

எனவே, குட்டி வாங்குவோர் விலை பேசுமுன் தாய், தந்தை இரண்டினதும் பட முடிவைக் கேட்டல் வேண்டும். பணிபுரிவோர் பூனையின் பாய்ச்சல் குறைந்ததைக் கண்டால் வீட்டாரிடம் சொல்லல் நன்று. நாள்தோறும் அதனை அருகிருந்து காண்பவர் அவரே.