டிவிடிக்குள் அடங்கும் கல்யாணம்

1990-களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்த டிஜிட்டல் வீடியோ காமிராவில் கல்யாணம், கிரகப்பிரவேசம் முதலிய சுபகாரியங்களைப் பதிவு செய்து, பின்னர் டிவிடியாக்கி உற்றார் உறவினருக்கு வழங்கும் வழக்கம் நம்மிடையே பரவியபோது, அக்காரியத்தில் இறங்கியவர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட சங்கடம் இடப்பற்றாக்குறையே. ஒரு மணி நேர நாடா கம்ப்யூட்டரில் ஏறக்குறைய 13 ஜிபியாக அமர்கிறது. சாதாரண வெற்று டிவிடியோ 4.7 ஜிபிக்கு மேல் கொள்ளாது. அதுவும் 470 கோடி பைட் என்னும் கணக்கில்தான். கம்ப்யூட்டர் 1024-இன் பெருக்கமாக அளப்பதால் திரையில் 4.37 என்றே தெரியும், அதைக் கண்டு தகட்டில் குறை என்று எண்ண வேண்டியதில்லை.

ஆவணங்களைச் சுருக்கும் ஜிப் முறை இங்கே பயன்படாது. காமிராவே படத்தை ஒருவாறு சுருக்கித்தான் பதிகிறது. ஆனால் விநாடிக்கு 25 சட்டகங்களையும் தனித்தனியே சுருக்குவதால், மணமக்களுக்குப் பின்னே அசையாது நிற்கும் மேடை அலங்காரம் அத்தனை முறையும் புதிதாக எழுதப்படுகிறது. டிவிடி கையாளும் எம்பெக்-2 முறை இந்த வீண்செலவைத் தவிர்க்கிறது: சுமார் அரை விநாடிக்கு ஒரு சட்டகத்தை மட்டும் முழுமையாக எழுதி, இடைப்பட்டவற்றில் எது மாறிற்று, எது எத்திசையில் நகர்ந்தது என்பதை மாத்திரம் குறித்துக்கொண்டு செல்கிறது.

ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் வேறொரு சூக்ஷ்மமான காரியம் நிகழ்கிறது. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒளி மெதுவாக மாறும் அம்சத்தையும் விரைந்து மாறும் அம்சத்தையும் கணிதத்தால் வேறாக்கி, கண் அதிகம் கவனியாத நுணுக்கங்களைத் தோராயமாக்கிவிடுகிறார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றமே இதற்கு ஆதாரம். உலகெங்கும் இன்று ஓடும் படங்களில் பெரும்பகுதி இதற்குக் கடன்பட்டிருக்கிறது என்பது நாம் பெருமிதத்துடன் நினைவுகூரத் தக்க விஷயம்.

இனி, எவ்வளவு சுருக்குவது? 470 கோடி பைட் என்றால் 3,760 கோடி பிட். அதை இரண்டு மணி நேரத்தின் 7,200 விநாடிகளுக்குப் பகிர்ந்தால் விநாடிக்குச் சுமார் 52 லட்சம் பிட் கிடைக்கும். ஒலிக்கு இரண்டு லட்சம் ஒதுக்கினால் படத்துக்கு 50 லட்சம், அதாவது காமிரா செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. இதனை எல்லா விநாடிகளுக்கும் சமமாகக் கொடுப்பது சரியன்று. மணமேடைக் காட்சிக்குச் சொற்பம் போதும். மத்தாப்பும் கூட்டமும் நிறைந்த ஊர்வலத்துக்கு அதிகம் வேண்டும். ஆகவே நல்ல மென்பொருள் படம் முழுவதையும் ஒருமுறை ஓட்டி எங்கே சலனம் மிகுதி என்று குறித்துக்கொண்டு, மறுமுறையே எழுதுகிறது. இந்த இருமுறை ஓட்டத்துக்கு ஆகும் நேரத்தை எக்காரணத்தாலும் மிச்சம் பிடிக்கலாகாது.

மூன்று மணி நேரப் படமானால் பங்கு விநாடிக்கு 35 லட்சத்துக்கும் கீழே இறங்கி, முகங்களில் சதுரம் சதுரமாகக் கறை தோன்றக்கூடும். அப்போது இரண்டு தகடுகளாகப் பிரிப்பதோ, 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தகட்டை நாடுவதோ உத்தமம். ஒருமுறை நீக்கிய நுணுக்கத்தை எந்த யந்திரமும் திருப்பித் தராது. ஆதலால் டிவிடி தயாரான பிறகும் மூல நாடாவை அழிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.