ஒரே உறையில் இரண்டு கத்தி

2018 ஜனவரி முதல் வாரத்தில் கணினித் துறையே பதறிப்போயிருந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் ப்ராசஸர் சிப்பிலேயே இருப்பது அம்பலமானது. 3-ஆம் தேதியே விண்டோஸுக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. ஆனால் எல்லாக் கணினிக்கும் அது போய்ச் சேரவில்லை. பல இடங்களில் குறுக்கே நின்றது, வைரஸைத் தடுக்க வைத்திருந்த மென்பொருளே.

சில ஆன்டிவைரஸ்கள் விண்டோஸின் அடித்தளமான கெர்னலுக்குள், மைக்ரோசாஃப்ட் அனுமதிக்காத வழிகளில் நுழைந்து வேலைபார்த்து வந்தன. புதிய திருத்தம் கெர்னல் நினைவகத்தைக் கையாளும் முறையையே மாற்றியதால், அவை இருந்த கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோகும் நிலை. எனவே மைக்ரோசாஃப்ட் ஒரு நிபந்தனை போட்டது: 'என்னால் தொல்லை வராது' என்று விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஆன்டிவைரஸ் ஒரு குறி எழுதிவைக்க வேண்டும், குறி இல்லையென்றால் அடுத்தடுத்த மாதங்களின் பாதுகாப்புத் திருத்தங்களும் கிடைக்காது. சந்தா முடிந்து, அப்டேட் இல்லாமல் மூலையில் கிடக்கும் மென்பொருள் அந்தக் குறியை எப்படி எழுதும்? விண்டோஸ் 10-க்கு இந்த நிபந்தனை மார்ச்சில்தான் விலக்கப்பட்டது.

ஓர் ஆன்டிவைரஸே கெர்னலில் இவ்வளவு சிக்கல் செய்யுமென்றால், இரண்டு இருந்தால்?

நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னதும் அந்தக் கோரிக்கை நேராக ஹார்ட் டிஸ்க்குக்குப் போவதில்லை. வழியில் வடிகட்டி டிரைவர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 'உயரம்' என்றொரு எண் உண்டு. ஆன்டிவைரஸ்களுக்கான வரிசை 3,20,000-இல் தொடங்குகிறது. யார் முதலில், யார் பிறகு என்பதை மட்டுமே இந்த எண் தீர்மானிக்கும். முதல் மென்பொருள் கோப்பைத் திறந்து சோதித்தால், அந்தத் திறப்பையே இரண்டாவது பிடித்துக்கொண்டு சோதிக்கத் தொடங்கலாம். ஒன்றுக்கொன்று காத்திருந்து கணினி உறைந்துபோவது இப்படித்தான். ஒன்று வைத்திருக்கும் வைரஸ் அடையாளக் குறிப்புகளைப் பார்த்து, அதையே வைரஸ் என்று மற்றொன்று முடிவுகட்டுவதும் உண்டு. பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்று நினைத்து இரண்டை ஓடவிடுபவருக்கு மிஞ்சுவது வேகக் குறைவும் குழப்பமும்தான்.

மென்பொருளை மாற்றுவதென்றால் முறை எளிது. புதியதை முதலில் டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, லைசென்ஸ் எண்ணையும் குறித்துவையுங்கள். பழையதை செட்டிங்ஸ் வழியாக நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பழையதன் டிரைவர்கள் சில சமயம் அங்கேயே தங்கிவிடும். அவற்றைத் துடைத்தெடுக்கவே பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனி நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகின்றன. அதையும் ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்த பிறகே புதியதை நிறுவ வேண்டும். இடையில் கணினி காவலின்றிக் கிடக்குமே என்ற பயம் வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கி, அது போனதும் தானே திரும்பும்படிதான் விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. நாம் அழைக்கும்போது மட்டும் ஓடும் ஸ்கேனர்களைக் கூடுதலாக வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

அதே மென்பொருளின் புதிய பதிப்புக்குப் போவதென்றால், விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்கு முன்பே அதை முடித்துவிடுவது நல்லது. 2019 நவம்பரில், அவாஸ்ட், ஏவிஜி ஆகியவற்றின் பழைய பதிப்புகள் இருந்த கணினிகளுக்கு விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியே வைத்தது.

எல்லாம் முடிந்ததும் 'விண்டோஸ் செக்யூரிட்டி' பக்கத்தைத் திறந்து, எந்த ஆன்டிவைரஸ் இயங்குகிறது என்று பாருங்கள். புதுக் கணினியோடு இலவசமாக வந்து, சோதனைக் காலம் முடிந்த ஒன்று இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து இன்றே நீக்கிவிடுங்கள்.